வாய் திறந்த மீன்கள்

குளம் வெட்டுகிறவர்கள் மீன் தின்ன வெட்டுவார்கள், இல்லாவிட்டால் விற்க வெட்டுவார்கள். மீனைச் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதற்காகவே குளம் வெட்டிய மனிதர் மன்னார்குடி வட்டாரத்திலேயே ஒரே ஒருத்தர்தான். அவர் பெயர் திருவம்பலம்.

போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபது. பரம்பரைச் சைவம். மீன் குழம்பு கொதிக்கிற வீட்டு வாசலைக் கடந்தால்கூடத் துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வார். அப்பேர்ப்பட்டவர் வீட்டுக் கொல்லையில் இருபது சென்ட் நிலத்தைத் தோண்டித் தண்ணீர் நிரப்பிவிட்டு, மீன்குஞ்சு வேண்டும் என்று செங்கமலத்திடம் போய் நின்றார்.

செங்கமலம் அவரைவிட இருபது வயதுக்கு மேல் சின்னவள். பன்னிரண்டு குளங்களைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கிறவள். செவ்வாய்க்கிழமை தோறும் அக்கம்பக்கத்துக் குளத்துக்காரர்களைக் கூட்டி வைத்துத் தொழில் சொல்லிக் கொடுப்பாள்.

"எதுக்கு சார் குஞ்சு? சாப்பிடவா, விக்கவா?"

"பார்க்க."

செங்கமலம் சிரித்துவிட்டாள். அப்புறம் முன்னூறு குஞ்சை எண்ணிக் கொடுத்தாள். கட்லா, ரோகு, மிர்கால் என்று மூன்று ஜாதிக் கெண்டையும் கலந்து.

"உங்க குளம் தாங்கறது இவ்வளவுதான் சார். இதுக்கு மேலே ஒண்ணு விடக்கூடாது."

"உத்தரவு, அம்மா" என்றார் திருவம்பலம். அன்றைக்கே நோட்டுப் புத்தகத்தில் 'முன்னூறு' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டுக்கொண்டார். செவ்வாய்க்கிழமை வகுப்பில் முதல் ஆளாக வந்து உட்காருகிறவரும் அவர்தான். செங்கமலம் இருமினால்கூட எழுதிக்கொள்வார். எழுதியதைச் செய்கிறாரா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

மனிதர் செய்த வேலை இதுதான். ஒரு வெள்ளிக்கிழமை சந்தைப் பக்கம் போனவர், தொட்டியில் துள்ளிக்கொண்டிருந்த ஜிலேபி மீன்களைப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. நாலு மீனை உயிரோடு வாங்கி வந்து குளத்தில் விட்டார். அன்றைக்கு ராத்திரி அவருக்கு வந்தது பாருங்கள் ஒரு தூக்கம், அப்படியொரு தூக்கம். அடுத்த வெள்ளிக்கிழமை பத்து மீன். அதற்கு அடுத்த வாரம் ஒரு வாளி.

விஷயம் ஊரில் பரவியது. பிறந்தநாள் என்றால் ஒரு மீன், பரீட்சையில் தேறினால் ஒரு மீன் என்று ஆளாளுக்கு வாளியும் தூக்குமாகக் கொண்டுவந்து அவர் குளத்தில் விட ஆரம்பித்தார்கள். "மகராசன், ஒரு உயிரைக்கூட வேண்டாம்னு சொன்னதில்லை" என்று பேர் வாங்கிவிட்டார். அந்தப் பேர் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. போதாததற்கு ஜிலேபி மீன் மாதா மாதம் குஞ்சு பொரிக்கிற ஜாதி. மூன்று வருஷத்தில் குளத்தில் எத்தனை மீன் என்று கேட்டால், அந்தக் குளத்துக்கே தெரியாது.

அந்த வருஷம் ஐப்பசியில் மழையும் பெய்யாமல் வெயிலும் வராமல் வானம் மூடியே கிடந்தது. நாலு நாளாக அதே மூட்டம். ஒரு நாள் காலையில் செங்கமலத்துக்கு போன் வந்தது.

"அம்மா, ஒரு அதிசயம்! நீங்க வந்து பார்த்தே ஆகணும்."

"என்ன சார்?"

"விடியற்காலம் நான் படித்துறையிலே போய் நிக்கறேன். அவ்வளவுதான். மொத்த மீனும் மேலே வந்து என்னைப் பார்த்து வாயைத் திறக்குது! ஆயிரக்கணக்கான வாய், அம்மா. எனக்கு அழுகையே வந்துடுச்சு."



"எத்தனை நாளா சார்?"

"மூணு நாளா. நானும் சும்மா இருப்பேனா? தினம் ஒரு மூட்டை பொரி போடறேன்."

"இனிமே பொரி போடாதீங்க. நாளைக்கு வெளிச்சம் வர்ற நேரத்துக்கு நான் அங்கே இருப்பேன்."

திருவம்பலத்துக்குத் தலைகால் புரியவில்லை. குருவே நேரில் வந்து பார்க்கப்போகிறார்! தன் தவம் பலித்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டார். மறுநாள் குளித்து, திருநீறு பூசி, ஃபிளாஸ்க்கில் காப்பியோடு படித்துறையில் காத்திருந்தார்.

செங்கமலம் வந்தபோது கிழக்கு லேசாக வெளுத்திருந்தது. திருவம்பலம் சொன்னதில் பொய்யில்லை. கரையோரம் நெடுக மீன் வாய்தான். பப் பப் என்று சின்னச் சத்தம் வேறு. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பெரிய கட்லா, தலையே ஒரு சாண் இருக்கும், தண்ணீருக்கு மேலே மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

"அது ஜமீன்தார்" என்றார் திருவம்பலம், வாயெல்லாம் பல்லாக. "நீங்க கொடுத்த முதல் முன்னூறிலே ஒண்ணு. என் கையிலேயே வந்து பொரி தின்னும். பார்த்தீங்களா, இன்னிக்கு வெறுங்கையோட நிக்கறேன், அப்பவும் வந்திருக்கு. பொரிக்கு வரலை அம்மா, எனக்காக வருது!"

செங்கமலம் குளத்தின் எதிர்மூலையைக் கைகாட்டினாள்.

"அந்த மூலைக்கு வாங்க சார்."

"எந்த மூலை? அந்தத் தாழம்புதர்ப் பக்கமா? அங்கே பாம்பு இருக்கும்மா. நான் ஒரு நாளும் போனதில்லை."

"யாராவது போவாங்களா?"

"யார் போவா?"

"வாங்க."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். புதரை விலக்கிக் காட்டினாள் செங்கமலம். அங்கேயும் மீன் வாய். படித்துறையைவிட நெருக்கமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு, மேலே பார்த்துத் திறந்து திறந்து மூடின.

"இங்கே யாரைப் பார்க்க வந்திருக்கு சார்?"

திருவம்பலம் பார்த்துக்கொண்டே நின்றார். முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"எனக்காக வரலையா?"

"மூச்சுக்கு வருது. தண்ணியிலே காத்து இல்லை. வெயில் இல்லாததாலே பாசி காத்து கொடுக்கலை. இருக்கிற கொஞ்சத்துக்கும் அளவில்லாத கூட்டம். நீங்க போட்ட பொரியிலே மிச்சம் அடியிலே கிடந்து அழுகுது. அழுகறதுக்கும் காத்து வேணும்."

"அப்போ நான் பொரி போட்டது..."

"அதுங்க மூச்சுத் திணறி வாயைத் திறக்குது. நீங்க அந்த வாயிலே பொரியைப் போட்டீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார்.

"முதல்ல எழுந்து மோட்டாரைப் போடுங்க சார். தண்ணி உசரத்திலிருந்து விழட்டும்."

ஓடிப்போய்ப் போட்டார். போர்வெல் தண்ணீர் குழாயில் பொங்கி வந்து குளத்தில் விழுந்தது. அந்தப் பக்கமாக மீன்கள் முண்டியடித்தன.

"சரியாயிடுமா அம்மா?"

"இன்னிக்குப் பொழுது ஓடும். இன்னும் ரெண்டு நாள் இதே மூட்டம் இருந்தா மோட்டார் போதாது. ஒரு காலையிலே மொத்தமா மிதக்கும். பெரிசுதான் முதல்ல போகும்."

திருவம்பலம் ஜமீன்தாரைப் பார்த்தார்.

"வழி சொல்லுங்க."

"கூட்டத்தைக் குறைக்கணும். உங்களுக்குத்தான் தெரியுமே, மூணு செவ்வாய்க்கிழமை சொல்லியிருக்கேன்."

"எழுதி வச்சிருக்கேன்" என்றார் பரிதாபமாக.

"வேற குளத்திலே கொண்டுபோய் விட்டா?" என்று அவரே மறுபடி கேட்டார்.

"அந்தக் குளத்து மீன் என்ன பாவம் பண்ணுச்சு?"

"விரால் மீன் விட்டா அதுவே சின்னதையெல்லாம் தின்னுடும்னு ஒரு வகுப்பிலே சொன்னீங்களே? பாவமும் விராலோட போயிடும். எனக்கு ஒட்டாது."

செங்கமலத்துக்குச் சிரிப்பு வந்தது. "விராலுக்கு ஆறு மாசம் வேணும் சார். உங்களுக்கு இருக்கிறது ரெண்டு நாள். என் ஆளுங்களை வரச் சொல்லியிருக்கேன். வலை வருது."

"பிடிச்சு எங்கே கொண்டுபோவீங்க?"

"கேக்கறீங்களா? கேட்டா பொய் சொல்ல மாட்டேன்."

"கேக்கலை, கேக்கலை" என்று காதைப் பொத்திக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு இரண்டு ஆட்கள் வலையோடு வந்தார்கள். திருவம்பலம் நைசாக வீட்டுப் பக்கம் நகர்ந்தார்.

"எங்கே சார்?"

"நான் உள்ளே இருக்கேனே. முடிஞ்சதும் கூப்பிடுங்க."

"குளத்துக்காரர் ஒரு முனை பிடிக்காம நான் வலை இழுக்கறதில்லை. எந்தக் குளமா இருந்தாலும் அதுதான் வழக்கம். பிடிக்கலைன்னா சொல்லுங்க, வலையைச் சுருட்டிக்கிட்டுப் போயிடறோம்."

"என் கையால வலையைத் தொடச் சொல்றீங்களா?"

"ஆமா."

"அறுபத்து மூணு வருஷமா ஒரு எறும்பைக்கூட..."

"தெரியும் சார்."

அவர் வானத்தைப் பார்த்தார். மூட்டம் அசைகிற மாதிரி தெரியவில்லை. சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டு, சிவசிவா என்று தண்ணீரில் இறங்கினார். ஒரு முனை அவர் கையில், மறு முனை செங்கமலத்தின் கையில். நடுவில் ஆட்கள் இரண்டு பேர். வலையின் அடிக்கயிற்றில் ஈயக்குண்டு கோத்திருக்கும். அது தரையை உரசிக்கொண்டு வரவேண்டும். அப்போதுதான் மீன் அடியில் புகுந்து ஓடாது.

ஒரு சுற்று இழுத்துக் கரை சேர்த்தார்கள். செங்கமலம் பக்கம் வலை நிறைய மீன். திருவம்பலம் பக்கம் ரெண்டு நண்டும் ஒரு பழைய செருப்பும்.

ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்க பக்கம் மட்டும் மீனே இல்லையே சார்?"

"அதான் எனக்கும் புரியலை அம்மா."

"எனக்குப் புரியுது. அடிக்கயிறு மேல கால் இருக்கணும். உங்க கால் அடியிலே இருந்திருக்கு."

பிடிபட்ட பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார் அந்த முன்னாள் போஸ்ட்மாஸ்டர். கால் கட்டைவிரலால் கயிற்றைத் தூக்கித் தூக்கி, அவ்வளவு மீனையும் வழியனுப்பி வைத்திருக்கிறார். ஆட்களில் ஒருத்தனுக்கு அடக்க முடியாத சிரிப்பு. செங்கமலம் கண்ணால் அதட்டினாள்.

"குஞ்சும்மா, எல்லாம் குஞ்சு. கால்லே வந்து முட்டுது. எப்படி மனசு வரும்?"

"வரலைன்னா கரையேறுங்க. கோபமில்லை எனக்கு."

அவர் கரையேறத்தான் திரும்பினார். அப்போது இடுப்புக்குப் பக்கத்தில் ஏதோ வழவழப்பாக உரசியது. குனிந்து பார்த்தார். ஜமீன்தார். ஒருக்களித்து மிதந்தது. வெள்ளை வயிறு பாதி மேலே தெரிய, செவுள் வேகவேகமாக அடித்துக்கொண்டது. அவர் இரண்டு கையாலும் தாங்கி நிமிர்த்திப் பிடித்தார். விட்டதும் மறுபடி சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தினார். மறுபடி சாய்ந்தது.

"அம்மா, சாகப்போகுதும்மா!" என்று குழந்தை மாதிரி கத்தினார்.

"குழாய்த் தண்ணிக்கிட்ட தள்ளிக்கிட்டுப் போங்க சார்."

தள்ளிக்கொண்டு போனார். தண்ணீர் விழுகிற இடத்தில் ஏற்கெனவே ஜிலேபிக் கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றது. பெரிய மீனுக்கு நுழைய இடமில்லை. கையால் விலக்கினார். விலக விலக வந்து அடைத்தது. "தள்ளுங்க, தள்ளுங்கடா!" என்று அந்த மீன்களைப் பார்த்துக் கோபமாகக் கத்தினார். மூன்று வருஷத்தில் அந்தக் குளத்தில் எந்த மீனையும் அவர் அதட்டியது அதுதான் முதல் தடவை. கத்தியவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அந்தக் கூட்டத்தில் பாதி, தானே வாளியில் சுமந்து வந்து விட்டது என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

அவர் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. ஜமீன்தாரைக் குழாயடிக் கூட்டத்தின் ஓரத்தில் விட்டுவிட்டு, நேரே வந்து வலை முனையைக் கையில் எடுத்தார். அடிக்கயிற்றின் மேல் காலை வைத்து அழுத்தினார்.

"இழுங்கம்மா."

அப்புறம் ஐந்து சுற்று. கூடை கூடையாக ஜிலேபி மேலே வந்தது. வலையில் வந்த கட்லாவையும் ரோகுவையும் மிர்காலையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தண்ணீரிலேயே திரும்ப விட்டார் திருவம்பலம். மற்றதைக் கூடையில் போட்டார். மதியம் ஆனபோது உடம்பெல்லாம் சேறு, திருநீறு எங்கே போனதென்றே தெரியவில்லை.

வண்டி கிளம்பும்போது கேட்டார்.

"இப்போ கேக்கறேன். எங்கே போகுது?"

"சந்தைக்கு."

"சாப்பிடத்தான், இல்லையா?"

"சாப்பிடத்தான் சார்."



"பாவம் இல்லையா அம்மா இது?"

"எனக்குத் தெரியாது சார். இருந்தா பாதி எனக்கு. அதுக்குத்தான் இன்னொரு முனையை நான் பிடிச்சேன்."

மோட்டார் இரண்டு நாள் ஓய்வில்லாமல் ஓடியது. மூன்றாம் நாள் மூட்டம் கலைந்து பளிச்சென்று வெயில் அடித்தது. செங்கமலம் குளத்தைப் பார்க்க வெள்ளிக்கிழமை காலையில் வந்தாள். திருவம்பலம் படித்துறையில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். தண்ணீர் மேலே ஒரு வாய்கூட இல்லை.

"ஒண்ணும் வரலை அம்மா. இன்னிக்கும் வரலை, நேத்தும் வரலை. வலை போட்ட பாவின்னு என்னை ஒதுக்கி வச்சிடுச்சு போலிருக்கு."

"ஜமீன்தார்?"

"அதையும் காணோம். செத்திருந்தா மிதந்திருக்கும். மிதக்கலை. அந்த மட்டுக்கும் சந்தோஷம்தான். ஆனா என் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேங்குதே."

செங்கமலம் கையை நீட்டிக் காட்டினாள். குளத்து நடுவில், ஆழமான இடத்தில், தண்ணீர் மெல்லச் சுழித்து ஒரு அகலமான முதுகு தெரிந்தது. ஒரு புரள் புரண்டு, வாலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சாவகாசமாக உள்ளே போனது. அவசரமே இல்லை அதற்கு. திருவம்பலம் எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயோ, ஜமீன்தார்! பார்த்தீங்களா, என்ன நடை! என்ன மிடுக்கு! மூணு வருஷத்திலே இப்படிப் புரண்டு நான் பார்த்ததே இல்லையே!"

"புரள இடம் எங்கே இருந்தது?"

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். உட்காரக்கூட மறந்துபோய் அந்த நடுக்குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து கொல்லைப்புறக் கேட் தடதடவென்று ஆடியது.

"தம்பீ! கதவைத் திறடா!"

திருவம்பலத்தின் அக்கா கோமதி. கும்பகோணத்தில் இருக்கிறவர். அக்கா சொல்லுக்கு மறுசொல் சொல்லி அவருக்குப் பழக்கமே கிடையாது. அறுபத்தெட்டு வயதில் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். கையில் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கு. உள்ளே ஏதோ துள்ளிக்கொண்டிருந்தது.

"பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சுடா! உன் குளத்திலே விடறதா வேண்டிக்கிட்டிருந்தேன். நல்ல ஜிலேபி மீனு. சீக்கிரம் திற, தண்ணி சிந்துது!"

கேட் பக்கம் ரெண்டு எட்டு வைத்த திருவம்பலம் அப்படியே நின்றார். திரும்பிச் செங்கமலத்தைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான் அம்மா."

"முன்னூறுக்கு அப்புறம் வந்ததெல்லாம் ஒண்ணே ஒண்ணாத்தானே சார் வந்தது?"

"அக்காம்மா. வேண்டுதல் வேற. நான் என்னன்னு சொல்லுவேன்?"

"இடமில்லைன்னு சொல்லுங்க."

"அவ மனசு உடைஞ்சு போயிடும். ஊர் என்ன பேசும்? ஒரு உயிரையும் வேண்டாம்னு சொல்லாதவன்னு பேர் எடுத்திருக்கேன்."

வெளியே கோமதி மறுபடி கேட்டைத் தட்டினார்.

திருவம்பலம் ஒரு தடவை குளத்தைப் பார்த்தார், ஒரு தடவை கேட்டைப் பார்த்தார்.

"சரி, சொல்லிடறேன். ஆனா பக்கத்திலே போய், அவ காதோட, மெதுவாச் சொல்றேன்."

"மெதுவா வேண்டாம் சார்" என்றாள் செங்கமலம். "இங்கேயே நின்னு நல்லாச் சத்தமாச் சொல்லுங்க. தண்ணிக்குள்ளே இருக்கிறதுக்கும் கேக்கட்டும்."